குற்றமற்ற தளம் தடைப்பட்டியலில்: மூலத் தீர்ப்பைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறு மென்பொருள் ஒன்றை இலவசமாக வழங்கும் தளம் அது. தன்னார்வலர்கள் சிலர் நடத்துகிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விளம்பரம் கிடையாது, உறுப்பினர் பதிவு கிடையாது, கடவுச்சொல் கேட்கும் பக்கம்கூடக் கிடையாது. நிலையான எச்டிஎம்எல் பக்கங்கள் சில, பதிவிறக்க இணைப்பு ஒன்று, அவ்வளவுதான். அப்படிப்பட்ட தளத்தை, புதிய பதிப்பு ஒன்று வெளியான சில நாட்களுக்குள், வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில ஆபத்தானது என்று முடிவுகட்டின. அந்தத் தீர்ப்பு எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, எப்படி நீங்கியது என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் மாட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்காவது இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

பயனர்களின் கடிதங்கள்தான் முதல் அறிகுறி. ஒருவருக்குத் தளமே திறக்கவில்லை, சிவப்புப் பக்கம் வந்து நின்றது. இன்னொருவருக்குத் தளம் திறந்தது. பதிவிறக்கிய மறுகணமே நிறுவியைக் காணவில்லை, வைரஸ் தடுப்பு அதைத் தனிமைப்படுத்திவிட்டது. மூன்றாமவருக்கு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, அலுவலக ஃபயர்வால் மட்டும் மறித்தது. மூன்றும் ஒரே கோளாறு போலத் தெரியும். உண்மையில் மூன்று தனித்தனித் தீர்ப்புகள்: ஒன்று டொமைன் மீது, ஒன்று கோப்பு மீது, ஒன்று தளத்தின் வகைப்பாடு மீது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எழுதும் எந்த முறையீடும் தவறான மேசைக்கே போய்ச் சேரும்.

முதலில் நம்மையே சந்தேகிப்பது

இது பொய் எச்சரிக்கைதான் என்று சொல்லும் உரிமை சோதனைக்குப் பிறகுதான் வருகிறது. குழுவில் பலருக்குக் கோபம்; உடனே முறையீடு அனுப்ப வேண்டும் என்றார்கள். நான் இணங்கவில்லை. தளங்களுக்குள் நுழைகிறவர்கள் உரிமையாளரின் கண்ணில் படாதபடி வேலை செய்வதில் தேர்ந்தவர்கள். தேடுபொறியிலிருந்து வருபவருக்கு மட்டும், கைப்பேசியில் திறப்பவருக்கு மட்டும், முதல்முறை வருபவருக்கு மட்டும் தீய பக்கத்தைக் காட்டுவது அவர்களுடைய வழக்கம். நம் கணினியில் தளம் சுத்தமாகத் தெரிவது எதற்கும் சான்றாகாது.

ஆகவே சர்வரில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் எங்கள் மூலக் களஞ்சியத்தில் உள்ள பிரதியோடு ஒப்பிட்டோம். பதிவிறக்கத்துக்கு வைத்திருந்த நிறுவியின் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்), அதைக் கட்டிய கணினியில் குறித்துவைத்த மதிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்தோம். பிரௌசரின் அடையாளத்தை மாற்றி மாற்றி, கைப்பேசி போலவும் தேடுபொறியின் ரோபோ போலவும் நடித்துப் பக்கங்களை இழுத்து வரிவரியாகப் பார்த்தோம். சர்வரின் திருப்பிவிடும் விதிகள், நேரம் குறித்து ஓடும் பணிகள், உள்நுழைவுக் கணக்குகள், அணுகல் பதிவேடுகள் எல்லாவற்றையும் புரட்டினோம். வேர்ட்பிரஸ் போன்ற அமைப்பில் ஓடும் தளமாக இருந்தால் மையக் கோப்புகளை அதிகாரபூர்வச் செக்சம்களோடு (சரிபார்ப்பு மதிப்புகளோடு) ஒப்பிடவும், படங்கள் பதிவேறும் கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடவும் வேண்டியிருந்திருக்கும்.

பலர் மறந்துவிடும் இடம் துணை டொமைன்கள். எப்போதோ ஒரு வெளிச் சேவைக்குச் சுட்டிவிட்டு, சேவையை நிறுத்திய பின்பும் டிஎன்எஸ் பதிவை (பெயரைச் சர்வரோடு இணைக்கும் குறிப்பை) நீக்காமல் விட்டிருந்தால், அந்த முகவரியை வேறொருவர் கைப்பற்றி ஃபிஷிங் பக்கம் (தகவல் திருடும் போலிப் பக்கம்) வைக்கலாம். எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் பதிவாவதால், நம் டொமைனின் பெயரில் எந்தெந்தத் துணை முகவரிகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கே தேடிப் பார்க்கலாம். எங்களுக்குத் தெரியாத பெயர் எதுவும் அதில் இல்லை. டொமைனின் பழைய வாழ்க்கையை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் பார்த்தோம். எங்களுக்கு முன் அதை யாரும் வைத்திருக்கவில்லை. அதே ஐபி முகவரியைப் பகிரும் மற்ற தளங்களில் ஏதாவது சிக்கலா என்றும் விசாரித்தோம். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அண்டைத் தளத்தின் பாவம் நம் மேல் ஒட்டுவது உண்டு. இங்கே அதுவும் இல்லை.

இந்த வேலை முடிந்த பிறகுதான் பயனர்களுக்குப் பதில் எழுதினேன். "என் கோப்புகளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" என்று கேட்டிருந்தவருக்கு, நாங்கள் எதையெல்லாம் சோதித்தோம் என்பதைச் சொல்ல முடிந்தது. அதோடு, யாரையும் வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவும்படி சொல்லக் கூடாது என்று குழுவில் உறுதியாக முடிவெடுத்தோம். அந்தப் பழக்கத்தை ஒருமுறை கற்றுக்கொடுத்தால், நாளை உண்மையான மால்வேரோடு (தீநிரலோடு) வருகிறவன் அதையே சொல்லும்போது பயனர் தயங்க மாட்டார். பதிவிறக்க இணைப்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, காரணத்தை முகப்புப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதினோம்.

யார் முதலில் சொன்னது?

2004-இல் ஸ்பெயினின் ஹிஸ்பாசெக் நிறுவனம் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய வைரஸ்டோட்டல் சேவையை இந்தத் துறையில் எல்லோரும் முதலில் திறக்கிறார்கள். ஒரு முகவரியைக் கொடுத்தால் பல பத்துக் கண்டறிவிகள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஆனால் வைரஸ்டோட்டல் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. பிறர் தீர்ப்பைத் திரட்டிக் காட்டுகிறது. எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியே போக வேண்டும். யாரிடம் எந்த வழியில் போவது என்ற தொடர்புப் பட்டியலை மட்டும் அது தொகுத்து வைத்திருக்கிறது. மிகவும் பயனுள்ள பட்டியல் அது.

எங்கள் முகவரியை அங்கே முதலில் பார்த்தபோது சில கண்டறிவிகள் மட்டுமே சிவப்பாக இருந்தன. அடுத்த நாட்களில் எண்ணிக்கை கூடியது. குழுவில் இதைப் பார்த்துப் பதறினார்கள்: இத்தனை நிறுவனங்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வருகின்றன என்றால் நம்மிடம்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று. இந்தக் கணக்கு தப்பு. பல நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கண்டறியும் இன்ஜினோடு பிறருடைய இன்ஜினையும் உரிமம் பெற்றுச் சேர்த்துக்கொள்கின்றன. ஜி டேட்டா, எம்சிசாஃப்ட் ஆகிய வைரஸ் தடுப்புகளில் இன்னொரு நிறுவனமான பிட்டிஃபெண்டரின் இன்ஜின் இருப்பது வெளிப்படையாகத் தெரிந்ததே. முகவரிப் பட்டியல்களும் இப்படியே கைமாறுகின்றன. ஒருவர் சொன்னதை நான்கு பேர் திருப்பிச் சொன்னால் சாட்சி ஒன்றுதான்.

எனவே எண்ணிக்கையைத் துரத்துவதை விட்டுவிட்டு, முதல் சாட்சியைத் தேடினேன். வைரஸ்டோட்டலில் டொமைனுக்கான பக்கத்தில் உறவுகளைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு: இந்த டொமைனிலிருந்து இறக்கப்பட்ட கோப்புகள், இந்த டொமைனைத் தொடர்புகொள்ளும் கோப்புகள் என்று அங்கே பட்டியல் இருக்கும். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. எங்கள் புதிய நிறுவி இரண்டு பட்டியலிலும் இருந்தது. முகவரிகளின் மீது தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தக் கோப்பின் மீது தீர்ப்பு வந்திருந்தது.

கண்டறிதலின் பெயரும் வழிகாட்டியது. குறிப்பிட்ட மால்வேர்க் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை. 'ஜெனரிக்', 'ஹியூர்' போன்ற சொற்கள் பெயரில் வந்தால், உத்தேச விதிகளின்படி சந்தேகிக்கப்பட்டது என்று பொருள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தரும் பெயர்களின் இறுதியில் வரும் 'எம்எல்' இயந்திரக் கற்றல் மாதிரியின் முடிவு என்பதைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட பெயர்கள் குற்றச்சாட்டின் உறுதியைக் காட்டுவதில்லை, சாயலைக் காட்டுகின்றன. அதற்காக அவற்றைப் புறந்தள்ளிவிடவும் கூடாது. சாயல் எதனால் வந்தது என்று கேட்க வேண்டும்.

இயந்திரத்தின் கண்ணில் எங்கள் நிரல்

எங்கள் மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தான் நிரலை நேரடியாக இயங்கும் கோப்பாக்கித் தரும் பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே கோப்பாகக் கட்டப்பட்டது. அந்தக் கோப்பைச் சிறிதாக்க யூபிஎக்ஸ் சுருக்கியும் பயன்படுத்தப்பட்டிருந்தது. இனி, எதுவும் அறியாத தானியங்கிச் சோதனைக்கூடம் இதை இயக்கிப் பார்க்கும்போது என்ன காண்கிறது என்பதை அதன் அறிக்கையிலிருந்தே சொல்கிறேன்.

நிரல் தொடங்குகிறது. தற்காலிகக் கோப்புறைக்குள் '_எம்இஐ' என்று தொடங்கி எண்களில் முடியும் பெயரில் ஒரு கோப்புறை உருவாகிறது. அதற்குள் டிஎல்எல் (துணை நிரல்) கோப்புகள் கொத்தாக விழுகின்றன. நிரல் தன்னையே இரண்டாவது முறை இயக்குகிறது. உடனே இணையத்தில் ஒரு டொமைனைத் தொடர்புகொண்டு மிகச் சிறிய உரைக்கோப்பு ஒன்றைப் பெறுகிறது. டிஜிட்டல் கையொப்பம் இல்லை, வெளியீட்டாளர் பெயர் இல்லை, இந்தக் கோப்பை இதற்குமுன் உலகில் யாரும் பார்த்ததில்லை.

எங்களுக்கு இதன் ஒவ்வொரு அடிக்கும் காரணம் தெரியும். ஒற்றைக் கோப்பாகக் கட்டிய எந்தப் பைஇன்ஸ்டாலர் நிரலும் தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துத்தான் ஓடும். அந்த உரைக்கோப்பில் இருப்பது சமீபத்திய பதிப்பின் எண் மட்டுமே. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்த வசதி. ஆனால் தீநிரல்களும் இதையேதான் செய்கின்றன: சுருக்கப்பட்ட உறைக்குள் வருகின்றன, தற்காலிக இடத்தில் பிரிகின்றன, பிறகு கட்டளை வாங்கத் தங்கள் தலைமைச் சர்வரைத் தொடர்புகொள்கின்றன. பைஇன்ஸ்டாலரோடு ஆயத்தமாக வரும் துவக்க நிரலை மால்வேர் எழுதுகிறவர்களும் ஏராளமாகப் பயன்படுத்துவதால், அந்தத் துண்டின் கைரேகையே கண்டறிவிகளின் நினைவில் கறைபட்டுக் கிடக்கிறது.

இங்கிருந்து டொமைனுக்குக் குற்றம் தாவியது தெளிவாகப் புரிகிறது. சந்தேகத்துக்குரிய கோப்பு ஒன்று தொடர்புகொள்ளும் டொமைன் என்பதால், எங்கள் முகவரி தலைமைச் சர்வராகக் கருதப்பட்டு, பாதுகாப்பு நிறுவனங்களுக்கு அனுப்பப்படும் அபாயக் குறியீடுகளின் ஊட்டத்தில் ஏறியது. அந்தக் கோப்பையே வழங்கும் டொமைனும் அதுதான் என்பதால் சந்தேகம் இரட்டித்தது. அந்த ஊட்டத்தை வாங்குகிறவர்கள் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். மனிதர் யாரும் எங்கள் தளத்தைத் திறந்து பார்த்து முடிவெடுத்ததற்கான தடயமே இல்லை.

தவறுகள் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு எல்லோரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2009 ஜனவரி 31 அன்று கூகுளின் தீய தளப் பட்டியலில் ஒற்றைச் சாய்கோடு ஒரு பதிவாக நுழைந்துவிட்டது. எல்லா முகவரிகளிலும் சாய்கோடு இருப்பதால், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்த இடைவெளியில், தேடல் முடிவுகளில் வந்த ஏறத்தாழ எல்லாத் தளங்களுமே 'இந்தத் தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம்' என்ற எச்சரிக்கையோடு காட்சியளித்தன. மனிதத் தவறு என்று கூகுளே அறிவித்தது. இதைக் குழுவில் சொன்னபோதுதான் பதற்றம் கொஞ்சம் தணிந்தது.

மடல்

மறுஆய்வு கேட்டு எழுதும் மடலைப் படிக்கப்போகிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ முறையீடுகளைப் பார்க்கும் ஆய்வாளர். 'நாங்கள் நேர்மையானவர்கள், உங்களால் எங்கள் பெயர் கெட்டது, வழக்குத் தொடுப்போம்' என்ற மடலில் அவர் சரிபார்க்கக்கூடிய சேதி ஒன்றுகூட இல்லை. உண்மையான ஃபிஷிங் தளம் நடத்துகிறவனும் அதே வரிகளைத்தான் எழுதுவான். நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"உங்கள் மென்பொருள் கீழ்க்காணும் டொமைனை மால்வேர் என்று தடுக்கிறது. பொய் எச்சரிக்கை என்று கருதுவதால் மறுஆய்வு கோருகிறோம். இந்த டொமைனில் கிடைக்கும் நிரல் ஒன்றே ஒன்றுதான். அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் கண்டறிதலின் பெயரையும் இணைத்திருக்கிறோம். பைஇன்ஸ்டாலரில் ஒற்றைக் கோப்பாகக் கட்டி யூபிஎக்ஸால் சுருக்கியது. தொடங்கும்போது இதே டொமைனிலிருந்து பதிப்பு எண்ணைப் படிக்கிறது. வேறு தொடர்பு இல்லை, எந்தத் தகவலையும் அனுப்புவதில்லை. மூலநிரல் முழுவதும் பொதுவில் உள்ளது. சர்வரில் உள்ள கோப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டோம், மாற்றம் இல்லை. தடை முழு டொமைனுக்கா, பதிவிறக்கப் பாதைக்கு மட்டுமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வரி முக்கியமானது. சில பட்டியல்கள் முழு டொமைனையும் குறிக்கும், சில ஒரு பாதையை மட்டும். ஒன்று நீங்கி மற்றது மீதமிருந்தால் நீங்கியதே தெரியாமல் போகும்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டிய நடைமுறைச் சங்கதிகள் இரண்டு. தடைப்பட்ட முகவரியை மடலில் அப்படியே எழுதினால், வாங்குகிறவருடைய அஞ்சல் வடிகட்டியே அதை விழுங்கிவிடலாம். அதனால் துறையில் உள்ளவர்கள் முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்பதை எச்எக்ஸ்எக்ஸ்பி என்று மாற்றி, புள்ளியைச் சதுர அடைப்புக்குள் வைத்து, சொடுக்க முடியாத வடிவில் எழுதுவார்கள். கோப்பை அனுப்பச் சொன்னால் 'இன்ஃபெக்டட்' என்ற கடவுச்சொல்லோடு ஜிப் செய்து அனுப்புவது பல ஆய்வகங்களின் மரபு. கடவுச்சொல் இல்லாமல் அனுப்பினால் வழியிலேயே நீக்கப்படும்.

வரிசையை மனத்தில் கொள்ளுங்கள். முதலில் கோப்பின் மீதான தீர்ப்பை எடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன், பிறகுதான் டொமைனைத் தடுத்தவர்களுக்கு. கோப்புக்கும் முகவரிக்கும் படிவங்கள் வேறு. ஒன்றில் கேட்டது மற்றதற்குப் போகாது. சில நிறுவனங்கள் தள உரிமையை நிரூபிக்கச் சொல்கின்றன. அதற்கு ஒரு சிறு கோப்பைச் சர்வரில் வைத்தாலோ டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தாலோ போதும். கூகுளின் தீய தளப் பட்டியலான சேஃப் பிரௌசிங்கில் நாங்கள் இல்லை. இருந்திருந்தால் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதிக்குப் போய் மறுஆய்வு கேட்டிருப்போம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றுமே அந்தப் பட்டியலை நம்புவதால் முதல் கவனம் அதற்கே போயிருக்கும். எட்ஜ் பிரௌசரின் ஸ்மார்ட்ஸ்கிரீன் வடிகட்டிக்கு எச்சரிக்கைப் பக்கத்திலிருந்தே, தளம் பாதுகாப்பானது என்று தெரிவிக்கலாம்.

நாங்கள் அணுகிய யாரும் பணம் கேட்கவில்லை. பணம் கொடுத்தால் எல்லாப் பட்டியலிலிருந்தும் எடுத்துத் தருகிறோம் என்று இடையில் வரும் மடல்களை நம்பாதீர்கள். கெஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் போன்ற சோதனை நிறுவனங்கள் பொய் எச்சரிக்கைகளையும் கணக்கில் எடுத்துத்தான் வைரஸ் தடுப்பு மென்பொருள்களை மதிப்பிடுகின்றன. நம் முறையீடு சரியாக இருந்தால், அதைத் திருத்துவது வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் நலனுக்கும் நல்லது.

நீங்கிய பிறகும் நீடிப்பது

முதல் பதில் இரண்டே வரியில் வந்தது: கண்டறிதல் நீக்கப்பட்டது, அடுத்த புதுப்பிப்பில் நடைமுறைக்கு வரும். அந்த ஒரு பதிலுக்குப் பின் வேறு சில பெயர்கள் நாங்கள் எழுதாமலேயே பட்டியலிலிருந்து மறைந்தன. மூலத்தைப் பிடித்ததன் பலன் இதுதான். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் மடல் மேல் மடல் அனுப்பியும் பதிலே இல்லை. மேலிருந்த ஊட்டம் சுத்தமானதும் அதன் தடையும் தானாகவே விழுந்தது.

ஆனாலும் பயனர்களின் புகார்கள் சட்டென்று நிற்கவில்லை. வைரஸ்டோட்டல் பழைய முடிவையே சேமித்துக் காட்டும். மறுபடி ஆராயும்படி சொன்னால்தான் புதிய நிலை தெரியும். பயனரின் கணினியில் உள்ள வைரஸ் தடுப்பு புதுப்பிக்கப்பட வேண்டும். ஃபயர்வால்களும் தடைப்பட்டியலை நம்பும் டிஎன்எஸ் சேவைகளும் தத்தம் கால இடைவெளியில்தான் புதுப்பித்துக்கொள்ளும். இதை முகப்பில் எழுதி, எச்சரிக்கை தொடர்ந்தால் எந்த மென்பொருள், என்ன பெயர், எந்த முகவரி என்ற மூன்றையும் அனுப்பும்படி கேட்டோம். திரைப்பிடிப்பு ஒன்றோடு அந்த மூன்று தகவலும் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த பதிப்பு

குற்றம் செய்யாத நாம் எதற்காக மாற வேண்டும் என்று குழுவில் ஒரு வாதம் எழுந்தது. அந்த மனக்கசப்பு நியாயமானது. ஆனால் நீக்கப்பட்டது குறிப்பிட்ட ஒரு கோப்பின் மீதான தீர்ப்பு. அடுத்த பதிப்பின் எஸ்எச்ஏ-256 வேறாக இருக்கும், அதற்கு எந்த நற்பெயரும் இருக்காது, அதே சாயல் இருந்தால் அதே கதை மறுபடி நடக்கும். பயனர்களை மறுபடி அந்தப் பதற்றத்துக்குள் தள்ள எனக்கு மனமில்லை.

எனவே பைஇன்ஸ்டாலரின் துவக்க நிரலை ஆயத்தமாக எடுத்துக்கொள்ளாமல் மூலத்திலிருந்து நாங்களே கட்டினோம். ஒற்றைக் கோப்பு வடிவத்தைக் கைவிட்டு ஒரு கோப்புறையாக வழங்குகிறோம். யூபிஎக்ஸ் போயிற்று, கோப்பு பெரிதானது, யாரும் குறை சொல்லவில்லை. பெயர், பதிப்பு எண், வெளியீட்டாளர் விவரங்களை நிரலுக்குள் பதித்தோம். புதிய பதிப்பு இருக்கிறதா என்று நிரல் தானாகப் போய்ப் பார்ப்பதில்லை. பயனர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே பார்க்கிறது. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழும் வாங்கினோம். 2023 ஜூன் 1 முதல் இதன் ரகசியச் சாவியை வன்பொருள் சாதனத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால், தன்னார்வக் குழுவுக்கு இது எளிய காரியமாக இல்லை. சாவி ஒருவர் கையில், கட்டும் கணினி வேறொருவரிடம் என்று ஒழுங்குசெய்ய வேண்டியிருந்தது. கையொப்பம் இட்ட உடனே எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. நற்பெயர் பதிவிறக்கங்களோடு மெல்ல மெல்லத்தான் சேர்கிறது.

இப்போது புதிய பதிப்பு தயாரானதும் இணைப்பை உடனே வெளியிடுவதில்லை. நிறுவியை முதலில் வைரஸ்டோட்டலில் பதிவேற்றுகிறோம். சந்தேகம் எழுப்பும் கண்டறிவி இருந்தால், பயனர் கையில் கோப்பு போய்ச் சேருவதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்கு எழுதிவிடுகிறோம். டொமைனின் நிலையைச் சிறு நிரல் ஒன்று தினமும் கேட்டு, மாற்றம் இருந்தால் குழுவுக்கு அஞ்சல் அனுப்புகிறது. வைரஸ்டோட்டலின் பொது ஏபிஐ (நிரல்கள் நேரடியாக வினவும் வழி) நிமிடத்துக்கு 4 வினவல், நாளுக்கு 500 வினவல் வரை அனுமதிப்பதால் இந்த வேலைக்கு அது தாராளம்.

அலுவலக வலை வடிகட்டி ஒன்றில் மட்டும் எங்கள் தளம் இன்னும் வகைப்படுத்தப்படாத தளங்களின் வரிசையில் நிற்கிறது. அது மால்வேர்க் குற்றச்சாட்டு அல்ல என்பதால் பொய் எச்சரிக்கைப் படிவம் அங்கே செல்லாது. மென்பொருள் பதிவிறக்கம் என்ற வகையில் சேர்க்கும்படி வகைத் திருத்தப் படிவத்தில் கேட்டிருக்கிறோம்.